தாழ்ப்பாள் போட்ட ஒப்பனை அறை

மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்வது அவள் தொழில். எல்லாருக்கும் அவள் மேக்கப் அக்கா. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவள் கைபட்டு எழுந்த பெண்ணைப் பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெயரை எடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அதில் பங்குக்கு வந்தவள் போல வந்து சேர்ந்தாள் அந்தக் கேமராக்காரப் பெண். யாரையும் நிற்க வைக்கமாட்டாள், சிரிக்கச் சொல்லமாட்டாள். நடப்பதை நடக்கிறபடியே எடுப்பாள். காலடிச் சத்தமே கேட்காது. மேக்கப் அக்கா அவளுக்குப் 'பூனை' என்று பேர் வைத்தாள். அதில் செல்லம் துளியும் கிடையாது.

ஒரு கல்யாணத்தில் மணப்பெண் தோழியைக் கட்டிக்கொண்டு அழ, கண்மை கன்னம்வரை வழிந்துவிட்டது. பஞ்சோடு ஓடிய மேக்கப் அக்காவைப் பூனை மறித்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். அப்படியே விடுங்க."

"எப்படிடி விடறது? விடியறதுக்கு முன்னாடியே வந்து நின்னு போட்டது!"

அதற்குள் பூனை எடுத்துவிட்டாள். அந்தப் படம்தான் கைக்குக் கை மாறி எல்லார் செல்போனுக்கும் போனது. பெண்ணைப் பெற்றவர்கள் அதையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். மேக்கப் அக்காவை அழைக்கிறவர்கள்கூட, "அந்தப் போட்டோ எடுத்தவங்களும் வருவாங்கல்ல?" என்று கேட்டார்கள். பார்த்துப் பார்த்துப் போட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை; அது கலைந்ததற்கு இத்தனை கொண்டாட்டமா?

"அவ வேலை அவளுக்கு, உன் வேலை உனக்கு" என்றான் கணவன்.

"நீயும் அவ கட்சியா?" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

அடுத்த கல்யாணத்தில், "பொண்ணு உடுத்தறா, வெளிய நில்லு" என்று பூனையை அனுப்பிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். உடுத்தி முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"அக்கா, ஆயிடுச்சா?"

"ஆகலை!"

மணப்பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இமையில் போட்ட மை காய வேண்டும். அப்போது பின்பக்கக் கதவு வழியாக அவளுடைய அப்பா வந்தார். அளந்து பேசுகிற மனிதர்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா."

அவ்வளவுதான் பேச்சு. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அவள் வெறுங்காலைச் சுற்றிக் கிடந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்தவர் அவள் தலைமேல் கையைக் கொண்டுபோனார். அலங்காரம் கலைந்துவிடுமோ என்று தயங்கினாரோ என்னவோ, தொடாமலே கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரஷ்ஷைப் பிடித்த கை பிடித்தபடி நிற்க, மேக்கப் அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். 'இது உனக்குக் கிடைக்கலை பார்' என்று அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது.

ஆல்பம் கொடுக்கும் நாளில், தன் ஒப்பனைப் படங்களை வாங்க அவளும் பூனையின் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தாள். மணப்பெண் கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா உள்ள வந்தாரே, அந்தப் படம் இல்லையா? நான் கண்ணை மூடியிருந்தேன். என்ன பண்ணீங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லைங்கறார்."

பூனை மேக்கப் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் வெளியில லைட் பார்த்துட்டு இருந்தேங்க. என் தப்புதான்."

பற்றிக்கொண்டு வந்தது மேக்கப் அக்காவுக்கு. பெருந்தன்மைப் பட்டமும் இவளுக்கேவா?

"அவ தப்பு ஒண்ணும் இல்லை. கதவைச் சாத்தினது நான். வேணும்னேதான் சாத்தினேன்" என்றாள் வெடுக்கென்று. "ஆனா நான் பார்த்தேன்."

பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மணப்பெண் கதவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"கை எது வரைக்கும் வந்துச்சு அக்கா?"

மேக்கப் அக்கா அவள் தலைக்குமேல் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "இது வரைக்கும்." அந்தப் பெண் கையை நகர்த்த விடாமல், குனிந்து அழுதுகொண்டே இருந்தாள்.

மணப்பெண்ணை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள் பூனை. பிறகு, "ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்துல விழுந்துச்சா அக்கா?" என்றாள். குரலில் இருந்த ஏக்கம் மேக்கப் அக்காவுக்கு நன்றாகப் பழக்கமானது.

"பாதி முகத்துல" என்றாள். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று, "அந்தக் கண்ணு இருக்கே... அதெல்லாம் சொல்லிப் புரியாதுடி" என்றும் சேர்த்துக்கொண்டாள்.