பூட்டிய மடையும் ஆவுடையப்ப அண்ணாச்சியும்

நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது, பாளையங்கோட்டைச் சந்தையில் எங்கள் ஊர் வண்டிக்காரர் சொன்னார்: "ஆவுடையப்ப பிள்ளை போயிட்டாரு வே. ஊரே அங்கனதான் கெடக்கு." ஊரே என்றதும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பல வருஷமாக அவர் வாசலை மிதிக்காத ஊர் அது.

நம் ஊர்க்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ராஜாக்கள் காலத்தில் வெட்டியது என்று நாம் பெருமை பேசும் கால்வாய்க்குத் தலைமடையில் முன்பு மரப்பலகைதான். சர்க்கார் அதை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை ஓவர்சியரிடம் கொடுத்தது. புது மடையை முதன்முதலாகத் திறக்கும் நாளில் தலையில் பரிவட்டம் கட்டும் முதல் மரியாதை யாருக்கு? மேலூருக்கா, கடைமடையான நமக்கா? இரண்டு ஊரும் கம்பெடுத்து நின்றன. நீங்கள் சமாதானமாகும்வரை பூட்டைத் தொடமாட்டேன் என்று ஓவர்சியர் போய்விட்டார். தாமிரபரணி கரைபுரண்டு கடலுக்குப் போனது. மேலூருக்குக் குளம் இருந்தது. நமக்கு நாற்றங்கால் மஞ்சளித்தது.

அண்ணாச்சிதான் அப்போது நம் ஊர்ப் பெரியதனக்காரர். பரிவட்டம் கிடைத்திருந்தால் அவர் தலையில்தான் ஏறியிருக்கும். அவர் தனியாக மேலூருக்கு நடந்துபோய், "நீங்களே கெட்டிக்கிடுங்க. எங்களுக்குத் தண்ணி வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் பூட்டு திறந்தது.

அந்தப் போகம் நன்றாகவே விளைந்தது. அறுத்துக் குதிரில் கொட்டிய கையோடு, ஊர் மானத்தை விற்றவன் என்று கூடிப் பேசி அவரை விலக்கி வைத்தீர்கள். அவர் மகள் கோமதிக்கு நிச்சயித்திருந்த சம்பந்தத்தை, மாப்பிள்ளை ஊருக்கே ஆள் அனுப்பிக் கலைத்தீர்கள்.

"நறுக்குனு நாலு வார்த்தை கேட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டு என்னலே ஆவப்போவுது? எல்லார் வீட்டுலயும் உலை கொதிக்குதுல்லா, விடு."

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

இழவு வீட்டில், அவரை விலக்கி வைத்த கூட்டத்தை நடத்தியவரே மாலையோடு நின்றார். ஊருக்கே சோறு போட்ட மகராசன் என்று தேம்பினார். கோமதி உள்ளேயிருந்து வந்தாள். தலையில் நரை விழுந்துவிட்டது.

"சோறுதான் போட்டாருல்லா மாமா. பொறவு எனக்கு வந்த மாப்பிள்ளைய எதுக்குத் திருப்பி அனுப்புனீங்க?"

பந்தலில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள்.

அண்ணாச்சி உங்களை மன்னித்துவிட்டே போயிருக்கலாம். அவர் படாமல் விட்ட கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். நான் இருக்கும்வரை அதை ஆறவிட மாட்டேன்.