வேலி தெரியாத வீடியோ

பாஸ்கரனின் ஆடுகள் சாலையில் அடிபட்டுச் செத்ததற்கு நான்தான் காரணம். எல்லோரும் விபத்து என்கிறார்கள். நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள்!

ஹூஸ்டனுக்கு வெளியே, சிறு நிலங்களில் ஆடு வளர்க்கும் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நான் ஓய்வுபெற்ற இன்ஜினியர்; அங்கே எல்லோருக்கும் அங்கிள். புதிதாக ஒரு கருவியை விற்பவன் எவ்வளவு சொன்னாலும் அசைய மாட்டார்கள். அங்கிள் வாங்கிவிட்டார் என்றால் போதும், அடுத்த வாரமே நாலைந்து வீடுகளில் அதே பெட்டி வந்து இறங்கும். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது...

ஆட்டின் கழுத்தில் மாட்டும் காலரை நான்தான் முதலில் வாங்கினேன். செல்போனில் எல்லைக்கோடு வரைந்துவிட்டால், கோட்டை நெருங்கும் ஆட்டுக்கு அது ஒலியெழுப்பும். மீறினால் லேசாக ஷாக் கொடுக்கும். இனி வேலியே வேண்டாம் என்று குழுவில் முழங்கினேன்.

குளிர் வந்து ரோமம் அடர்ந்ததும் ஷாக் தோலில் படவில்லை. என் ஆடுகள் கோட்டைத் தாண்டின. பழைய கம்பிவேலிதான் அவற்றை நிறுத்தியது.

அந்த நேரம் பார்த்துக் குழுவில் கேட்டார்கள், காலர் எப்படி இருக்கிறது என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலியோரம் நின்ற ஆடுகளை, வேலி தெரியாதபடி வீடியோ எடுத்து அனுப்பினேன்! நான் சொன்னது தவறு என்று சொல்ல ஏன் நா எழவில்லை?

பாஸ்கரன் போன் செய்தான். வேலை போனபின் ஆடுகளையே நம்பியிருந்தவன்; என் வீடியோவைப் பார்த்துக் காலர் வாங்கியிருந்தான்.

"அங்கிள், ரோட்டுப் பக்கம் வேலி ஃபுல்லா துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு போடவா, எடுத்துடவா?"

"எடுத்துடுப்பா. எதுக்கு வெட்டிச் செலவு?"

தெரிந்தேதான் சொன்னேன்.

லாரி மோதிய காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய கண்களோடு அவன் மனைவி கவிதா அவனைக் குத்திக்காட்டினாள்: "அங்கிள் வீட்டு ஆடெல்லாம் சமத்தா நிக்குது. நம்ம ஆடுங்க உங்கள மாதிரியே, சொன்ன பேச்சு கேக்கல."

அவன் என்னைப் பார்த்தான். "நான்தான் செட்டிங்ஸ்ல ஏதோ சொதப்பிட்டேன், இல்ல அங்கிள்?"

கேள்வியாகத்தான் கேட்டான். உண்மையைச் சொல்ல இடமிருந்தது...

"இருக்கலாம்ப்பா," என்றேன்.

மிஞ்சிய ஆடுகளை அவன் விற்றுவிட்டான். குழுவை விட்டுப் போகவில்லை. நேற்று ஒரு புதியவர், வேலி போடுவதா, காலர் வாங்குவதா என்று கேட்டிருந்தார். பாஸ்கரன்தான் முதலில் பதில் போட்டான்: "காலர் நல்லதுதான் ப்ரோ. தப்பு என் மேல. அங்கிளக் கேளுங்க, கரெக்டா சொல்வாரு."

புதியவர் காத்திருக்கிறார். உங்களிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உங்களுக்கு அவர்களைத் தெரியாது, அதனால்தானே முடிந்தது? அங்கே இன்னும் ஒரு சொல்கூட எழுதவில்லை...