போனில் யாரும் சாவதில்லை

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆள் இறந்து, பந்தல் போட்டு, ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டி முடிந்த பிறகும் போனில் அவருக்கு "கொஞ்சம் சுகமில்ல" மட்டும்தான். "பயப்பட ஒண்டுமில்ல, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ" என்பார்கள். தனியே வருகிற பிள்ளை வழியில் மயங்கி விழக் கூடாதாம். பிளேனில் அழாமல் வந்து, வீட்டு வாசலில் இறங்கி அழட்டுமாம். இந்தக் கரிசனையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தம்பி சுவிஸில் இருக்கிறான். அப்பா இறந்தபோது அவனுக்கும் இதைத்தான் சொன்னார்கள். சொல்லச் சொன்னது அம்மா. அப்பாவின் தலைமாட்டில் இருந்துகொண்டே, "அவன் தனிய வாற புள்ள, வருத்தம் எண்டு மட்டும் சொல்லு" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர். அவர் அப்படியே சொன்னார். தம்பியும் நம்பினான்.

நம்பியதால் ஓடினான். வளைகுடாவில் பிளேன் மாற அவனுக்கு ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. வந்த பிளேனும் பிந்தித்தான் இறங்கியது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். படியில் விழுந்து காற்சட்டை முழங்காலில் கிழிந்தது. வரிசையில் நின்றவர்களை எல்லாம் கும்பிட்டு, அப்பாவுக்குச் சுகமில்லை என்று கெஞ்சி, கதவை மூடுகிற நேரத்தில் ஏறினான். கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து வேனில் வரும்போதும் அப்பா சாப்பிடுகிறாரா என்று விசாரித்தபடி வந்தானாம். தேற்றாத்தீவில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் கொடியைக் கண்டான். அந்தக் கிழிந்த காற்சட்டையோடு இறங்கி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தான். "சும்மா ஓடவச்சிட்டீங்களே" என்றான்.

அன்றைக்கே அவன் பாடம் படித்துவிட்டான். எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

பிறகு அம்மாவின் முறை வந்தது. நெஞ்சில் நீர் கட்டி, பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடச் சொன்னார் டொக்டர். நான் என் போனைத் தேடி எடுப்பதற்குள் மாமா அவனோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். "அம்மாக்குக் கொஞ்சம் சுகமில்ல மனே. பயப்பட ஒண்டுமில்ல, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ." அட்சரம் பிசகாமல் அதே வசனம். தம்பி ஓவென்று அழுதது எனக்கே கேட்டது.

மாமாவின் கையிலிருந்து போனைப் பறித்தேன். "தம்பி, அம்மா உசிரோட இரிக்கா. உன்னத்தான் கேக்கிறா. கெதியா வா."

"ஓம் அக்கா" என்று தேம்பினான். "ஒருக்காக் குடுங்க, கதைக்கிறன்."

"இப்ப ஏலாதுடா. மூக்கில ஒட்சிசன் போட்டிரிக்கி. உள்ள போன் கதைக்க விடமாட்டாங்க."

"விளங்குது அக்கா. நீங்க அழாதீங்க."

நான் அழவில்லை, கத்திக்கொண்டிருந்தேன். உசிரோடு இருக்கிறா, உன்னைக் கேட்கிறா, இப்போது கதைக்க ஏலாது: செத்தவர்களைப் பற்றியும் இதையேதான் சொல்லி வந்திருக்கிறோம். உண்மையைச் சொல்வதற்கென்று எங்களிடம் தனியாக ஒரு வசனம் மிச்சம் இருக்கவில்லை. கடைசியில் பிள்ளையாரின் பேரில் சத்தியம் செய்தேன். அதோடு அவனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று பிறகு புத்தி சொல்ல ஆட்கள் வந்தார்கள். மூக்கில் குழாயோடு கிடக்கிற தாயைப் படம் பிடிக்க அப்போது எனக்கு மனம் வரவில்லை.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வாவிக் காற்று வருகிற பக்கத்து யன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது, மகனின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் இறங்காத தொண்டையால் "தம்பி ஏறிட்டானா?" என்று கேட்பாள். ஒழுங்கையில் எந்த வாகனம் வந்தாலும் கண்ணைத் திறந்து பார்ப்பாள். பாண்காரனின் ஆட்டோவுக்குக்கூடத் திறந்தாள்.

தம்பி ஏறித்தான் இருந்தான். அதே வளைகுடா, அதே மாதிரிக் குறுகிய இடைவெளி, அன்றைக்குப் போலவே முதல் பிளேன் பிந்தியது. இந்த முறை அவன் நடந்துதான் போனான். போய்ச் சேரக் கதவு மூடியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை இரண்டு வழி சொன்னாளாம். உடனே ஓடினால் சென்னை வழியாக ஒரு பிளேன் இருக்கிறது. சென்னையிலும் ஓட வேண்டியிருக்கும், ஆனால் விடியக் கொழும்பில் இறங்கலாம். இல்லாவிட்டால் ஹோட்டலும் சாப்பாடும் தருவார்கள், மறுநாள் பின்னேரம் போகலாம். அவன் ஹோட்டலை எடுத்தான்.

நான் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். பால்மா டின்கள் பைக்குள் உருள உருள இதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடிப் பிளேன் பிடித்திருக்கிறேன். ஓடினால் பிடிக்கலாம். ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அவன் கணக்கில் அந்தக் காரணம் ஏற்கெனவே சவப்பெட்டிக்குள் கிடந்தது.

குளித்து, சாப்பிட்டு, ஒரு நித்திரையும் கொண்டு, காலையில் எழும்பி எனக்குப் போன் எடுத்தான். அப்போது நான் ஈரத்துணியால் அம்மாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். மகனின் குரலையாவது கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, "அம்மா, தம்பி கதைக்கிறான்" என்று அவள் காதோரம் பிடித்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"அக்கா, பிளைட்ட விட்டிட்டன். ஹோட்டல் தந்திரிக்காங்க, நாளைக்குத்தான் வாறன். எம்பாம் பண்ணித்தான வச்சிரிக்கீங்க? ஒருநாள் பிந்தினாப் பரவாயில்லயே? நான் வரமட்டும் பெட்டிய மூடவேணாம் எண்டு மாமாட்டச் சொல்லுங்க."

நான் போனை அமத்துவதற்குள் எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு உடம்புதான் விட்டுப்போயிருந்தது, காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அப்பாட நேரம் நான்தான பொய் சொல்லச் சொன்ன" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "களைச்சிரிப்பான், படுக்கட்டும்" என்றாள். அதன் பிறகு அவன் ஏறிவிட்டானா என்று கேட்கவே இல்லை. வாகனச் சத்தங்களுக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

நான் வளவுக்குள் போய் நின்று அவனுக்கு எடுத்து, வாய்க்கு வந்தபடி பேசினேன். "அக்கா, என்னட்ட நடிக்காதீங்க" என்றான். அப்போதுதான் எனக்குப் படம் பிடிக்கிற மனம் வந்தது. வீடியோவைப் போட்டு உள்ளே கொண்டுபோய், அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினேன். அவன் ஒரு சத்தம் போட்டான். ஹோட்டலிலிருந்து செருப்போடு எயார்போட்டுக்கு ஓடினான். சென்னைப் பிளேன் எப்போதோ போயிருந்தது. அங்கேயே நிலத்தில் குந்தியிருந்தானாம்.

அன்றைக்குப் பொழுதுபட அம்மா போய்விட்டாள். மாமா போனை எடுக்கப் போனார். நான் விடவில்லை. "தம்பி, அம்மா செத்திட்டா" என்று நானே சொன்னேன். இந்த முறை அவன் உடனே நம்பினான்.

அவன் வந்தபோது ஊர்ச் சனம் சந்தோசப்பட்டது. பெட்டி மூட முதல் வந்துவிட்டானே, கொடுத்துவைத்தவன் என்று பேசிக்கொண்டார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஹோட்டல்ல இருந்து நான் கதைச்சது அம்மாக்குக் கேட்டதா?"

அங்கே நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். மாமா அவனுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லு என்று கண்ணைக் காட்டினார். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன்.

"கேட்டது" என்றேன். "ஒண்டும் விடாமக் கேட்டது."

அரிசியில் பாதி அம்மாவின் கழுத்தில் கொட்டியது. இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். மாமா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நீயெல்லாம் ஒரு சகோதரமா? ஒரு பொய் சொன்னா உன்ட நாக்கு அழுகியா போகும்?" என்று பல்லைக் கடித்தார்.

"அவனுக்குச் சொன்ன பொய் காணும் மாமா, இனி வேணாம்" என்றேன். "நீங்க சொல்லிச் சொல்லித்தான் அம்மா முழிச்சிரிக்க அவன் ஹோட்டல்ல படுத்து நித்திர கொண்டவன்."