துரை கையின் வட்டக் கீறல்

நண்பரே, என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ல’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். முகம் பார்த்துப் பேசவும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை தலவாக்கலைக் கடைவீதியில் ஒரு பழைய கறுப்புக் கார் நின்றது. மேகம் விலகி வெயில் விழுந்ததும் பொனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் மின்னின. என் கை தானாகத் தோளில் துணியைத் தேடியது. பொனட்டின் ஓரத்தில், பெருவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. அதைத் தேய்த்துப் போக்கியவன் நான். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார்.

அந்தக் காலத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் கார் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டப் பாதைத் தூசி லேசுப்பட்டதல்ல, நொறுங்கிய வெள்ளைக்கல். கழுவாமல் அதன்மேல் எதையும் வைத்துத் தேய்க்கக் கூடாது. இது எனக்குத் தெரியும், டிரைவர் பிச்சமுத்து அண்ணனுக்கும் தெரியும். துரையோ மலையிலிருந்து வந்து இறங்கியதும் பொனட்டில் சாய்ந்துகொண்டு யாரையாவது ஏசுவார். ஏசும்போது அவருடைய தோல் கையுறை பொனட்டின்மேல் வட்டம் போடும். ஏச்சு நீண்டால் வட்டமும் கூடும்.

ஒருநாள் வெயிலில் அவரே கீறலைப் பார்த்துவிட்டார்.

“யாரு கீறினது? நீதானே? ஞாயித்துக்கெழமைக்குள்ள போகணும். இல்லாட்டி ஒனக்குப் பத்துச்சீட்டு.”

வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு அது. புருஷனுக்குக் கொடுத்தால் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். என் பெண்டாட்டி இராமாயிக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம்.

பிச்சமுத்து அண்ணன் கீறலின்மேல் நகத்தை ஓட்டினார். “நகம் மாட்டலடா. மேலோட்டந்தான். பாலிஷ் போட்டா போயிரும். மெத்துன்னு துணி வேணும்.”

பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழஞ்சீலையை இராமாயி எடுத்துத் தந்தாள். “புள்ள பொறக்க மொதல்ல காம்பரா வேணும்ல. கொண்டு போங்க.”

இரண்டு தரம் தண்ணீர் அடித்துக் கழுவி, நிழலில் நிறுத்தி, சுண்டைக்காய் அளவு பாலிஷைத் தொட்டு, ஒவ்வொரு சாணாக அழுத்தாமல் தேய்த்தேன். துணி கறுத்தது. பயந்துவிட்டேன்.

“பெயிண்டு கொஞ்சம் போனாத்தான் கீறலும் போகும்,” என்றார் அண்ணன். “கூடத் தேச்சேன்னு வையி, தகரந்தான் மிஞ்சும். அப்புறம் அதுல சோத்தப் போட்டுத் திங்கலாம்.”

பிறகு அந்தச் சீலையில்தான் மகளைச் சுற்றினோம். எத்தனை துவைத்தும் பாலிஷ் வாசம் போகவில்லை.

மூன்று நாள் தேய்த்தேன். ஞாயிறு காலை பொனட்டில் எதிர்மலை தெரிந்தது. துரை சுற்றி வந்து பார்த்தார், தலையசைத்தார். அப்புறம் சாய்ந்து நின்று, அண்ணனிடம் நுவரெலியாப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டே, அதே தூசிக் கையுறையால் வட்டம் போட ஆரம்பித்தார். நான் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

இப்படி ஐந்து வருஷம். அவர் கீறுவார், என்னை ஏசுவார், நான் தேய்ப்பேன். சீமைக்குத் திரும்பும் நாளில் தகரம் தெரிந்த ஓரத்தைக் காட்டி, “இது நீ கெடுத்தது,” என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

கடைவீதிக்கு வருகிறேன். காரின் இப்போதைய முதலாளி வந்து அதே இடத்தில் சாய்ந்து முழங்கையால் தேய்த்தார்.

“மொதலாளி, கைய எடுங்க. தூசியோட தேச்சா கீறும்.” என் குரல்தான்.

“அப்படியா? யாரும் சொல்லலியேப்பா,” என்று உடனே கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

துரை போய்விட்டார். பிச்சமுத்து அண்ணன் செத்துப்போனார். சீலையும் கிழிந்து போயிற்று. வீட்டுக்கு வந்து இராமாயியிடம் கேட்டேன்: “இத அன்னைக்கே தொரைகிட்ட சொல்லியிருந்தா?”

“அன்னைக்கே பத்துச்சீட்டுத்தான்,” என்றாள்.

அவள் சொன்னது சரி. அது சரியாக இருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

தலவாக்கலை, 1965 ஐப்பசி, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள்.