தீபத்தன்று கார் ஷெட்டில்

பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் பக்கத்தில் விளக்கு ஏதும் எரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஷெட்டில் பழைய பியட் கார் ஒன்றைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை தீபத்தன்று மத்தியானம் டேங்கிலிருந்த பெட்ரோலை அகலமான பேசினில் இறக்கி, மூடாமல் காருக்கடியிலேயே விட்டுவிட்டேன். மாலை மலையுச்சியில் தீபம் எழுந்தது. ஊரே "அரோகரா" என்று அதிர, நான் மொட்டைமாடியில் கைகூப்பி நின்றேன். மலையில் தீபம் தெரிந்ததும் வாசல்தோறும் அகல் வைப்பது எங்கள் வழக்கம். செங்கத்திலிருந்து வந்திருந்த அக்கா கீழே வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

"உன் வண்டிக்கும் ஒண்ணு வெக்கிறேன்டா!"

படிகளில் ஓடினேனா, உருண்டேனா, தெரியாது. எரியும் அகலோடு அக்கா ஷெட் வாசலில் நின்றாள். கத்தினால் பதறிக் கீழே போட்டுவிடுவாள்.

"அக்கா, குனியாத. அப்படியே பின்னாடி வா" என்றேன் மெதுவாக.

"ஏன்டா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"உள்ள பெட்ரோல் தொறந்து கெடக்குக்கா."

அக்கா சுடர் நடுங்க நடுங்க, அடிமேல் அடியாகப் பின்வாங்கித் தெருவுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து பெட்ரோலை வெட்டவெளியில், மூடியுள்ள கேனில்தான் இறக்குகிறேன். அதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியே அக்கா சொன்னாள்: "அடுத்த தீபத்துக்கும் வருவேன்டா. வாசல்லயே நிப்பேன். பெட்ரோல் எங்க இருக்குன்னு மொதல்ல சொல்லு, அப்புறம் உள்ள வான்னு கூப்புடு."