மைதானம் கட்டியவரோடு திருப்பதிக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு வேலூரில் பஸ் ஏறி, ஏழு மணிக்குச் சித்தூரில் இறங்கினேன். உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கத்தாரில் மைதானங்கள் கட்டித் திரும்பியவர்கள் சொல்வதைச் சிறு குழுவாக நாங்கள் தொகுத்துவருகிறோம். அங்கே வெயிலில் செத்தவர்களைப் பற்றி உலகம் கொஞ்ச நாள் பேசியது. பிழைத்து வந்தவர்களைக் கேட்டவர்கள் குறைவு.

அப்படி வந்தவர் முனிரத்தினம். கம்பி கட்டும் தொழிலாளி, நாற்பது வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் திருப்பதியில் டயாலிசிஸ். பஸ்ஸிலேயே பேசிக்கொள்ளலாம், பெயர் மட்டும் போட வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார்.

திருப்பதி பஸ்ஸில் அவர் மனைவி கஸ்தூரி ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார். எழுபது கிலோமீட்டர், எனக்கு நூற்றுப் பத்து ரூபாய் டிக்கெட். ஆந்திரப் பெண்களுக்கு இலவசம். நான் முனிரத்தினத்திடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் கஸ்தூரி மெல்லத் தடுத்தார். டயாலிசிஸ் செய்வதால் நாளுக்கு அரை லிட்டர்தான் கணவருக்குக் கணக்காம்.

ஏழே முக்கால். காணிப்பாக்கம் கோயில் பிரிவில் பாதிப் பேர் இறங்கினார்கள். முன்னால் காலியான சீட்டில் போய் உட்காரும்படி முனிரத்தினம் மனைவியிடம் சொன்னார். அங்கே வெயில் அடிக்கிறது என்று கஸ்தூரி நகரவில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தது, பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது எல்லாம் முனிரத்தினம் சொன்னார். வேலையில் எப்போதாவது மயங்கி விழுந்தீர்களா என்று கேட்டேன். மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு வாட்டி வுழுந்தேன் சார். கக்கூஸ் ரொம்ப கீழ. எறங்கி ஏறுனா சூபர்வைசர் திட்டுவான். அதனால தண்ணி குடிக்காமலே வேலை செஞ்சிகினு இருந்தோம். டீத்தண்ணி கலர்ல மூத்திரம் போச்சு."

கஸ்தூரி அவர் பக்கம் திரும்பினார். "போன்ல தெனம் நல்லா கீறேன், துன்ட்டேன்னுதானய்யா சொன்ன?"

"சொல்லி இருந்தா வந்துடுன்னு சொல்லி இருப்ப."

"ஆமா."

"நானும் வந்து இருப்பேன். அப்புறம் வூடு எப்டி கட்டுறது?"

அடுத்ததைக் கஸ்தூரி என்னிடம்தான் சொன்னார். இவர் படுத்த நாளிலிருந்து, பெண்டாட்டி உப்பு அள்ளிப் போட்டதால்தான் கிட்னி போச்சு என்று சொந்தக்காரர்கள் பேசினார்களாம். "நானும் அப்டிதான் நெனச்சிகினு கீறேன் சார்."

முனிரத்தினம் தலை குனிந்தார். "உன் கை உப்பு இல்ல கஸ்தூரி. அவங்க பேசுறப்ப நான் வாயத் தொறக்கல. தப்பு என்னுதுதான்."

சந்திரகிரிக் கோட்டை தெரியும்வரை கஸ்தூரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த கணவரின் இடது கையைப் பதமாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதே கால், திருப்பதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏற்றிய பிறகு, எழுதியதைப் படித்துக் காட்டினேன். மனைவியின் சமையலில் குற்றமில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் முனிரத்தினம். சேர்த்தேன்.

"பேரும் போடுங்க சார்" என்றார் கஸ்தூரி. முனிரத்தினமும் தலையாட்டினார்.

நான் விடைபெறும்போது, "ஃபைனல் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "நான் பாக்கல. கேலரி நல்லா வந்துக்கீதா? கம்பியெல்லாம் எங்க ஆளுங்கதான்."

நன்றாக வந்திருக்கிறது என்றேன். அந்த முகத்தில் வந்த சந்தோஷம் வேலூர்வரை என்னோடு வந்தது. நண்பர்களோடு என் வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஆட்டம் அது. அன்று நான் பந்தைத் தவிர எதையுமே பார்க்கவில்லை.