மஞ்சள் தண்ணீர் குடித்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொன்றது பக்தி. அன்றைக்கே இதைச் சொன்னேன். என் பேச்சைக் காதில் வாங்க அந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற கையோடு, மகன் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டான். டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு மேசை வந்தது. மனுஷர் அதில் தம்முடைய வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்தார். அதுவும் இங்கிலீஷில். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால், மதியச் சோற்றுக்கு நான் தொண்டை வற்றக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் போனால் போதும், திரையை அணைத்துவிடுவார்.

"முடியட்டும், அப்புறம் படிக்கலாம்" என்பார்.

அவர் வாழ்க்கையைப் படிக்க எனக்கு ஒன்றும் துடிப்பில்லை. கூட இருந்து பார்த்ததுதானே. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்தால் பேசாமல் மறுபடியும் போட்டுக்கொள்வார், பாராட்டு அத்தோடு சரி. வாய்தான் இப்படி, எழுத்தாவது வேறு மாதிரி இருக்காதா என்று ஒரு நப்பாசை. ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தேன். திரையில் அத்தியாயங்களின் பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடம், ஆபீஸ், பட்டர்வொர்த் மாற்றல், கோயில் கமிட்டி, கடைசியாக 'என் மனைவி'. அன்றைக்கு எனக்கு அடுப்படியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. "இதுதான் இப்ப என் ஆயுதம்" என்று சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையில் திருநீற்றைப் பட்டையாகப் பூசி, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். செம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, அது கரண்டு சாமான்" என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்கப் பேசாத" என்றார்.

காருக்குத் தெளிப்பதுபோல முன்னும் பின்னும் தாராளமாகத் தெளித்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கும். வேண்டிய மட்டும் குடித்தது. மறுநாள் விஜயதசமி, எதையும் ஆரம்பிக்க நல்ல நாள். குளித்து வேட்டி கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை, அதற்கப்புறம் எத்தனை தட்டினாலும் மூச்சில்லை.

"நேத்து கூட்டும்போது நீ வயர இழுத்திருப்ப" என்றார்.

அதற்குப் பிறகு வீடு துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. சவரம் செய்யவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களிடம் "கரண்டு கூடிப்போச்சு" என்று மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டார். மஞ்சள் தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவரைவிட என் அத்தியாயத்தை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் ஒருவர், பேக்டரி வேலை முடிந்து வந்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வார். ஆனால் கோயில் கமிட்டித் தேர்தலில் அவர் என் வீட்டுக்காரருக்கு எதிர்க்கட்சி.

"அவன் வீட்டுப் படி நான் ஏற மாட்டேன்" என்றார் இவர்.

"நீங்க ஏற வேணாம், நான் ஏறுறேன்" என்று பெட்டியைப் பழைய கைலியில் சுற்றிக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

ரிப்பேர்க்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "என்னாக்கா உள்ள மஞ்சளா இருக்கு? கறி கிறி கொட்டிருச்சா?"

"பூஜை" என்றேன்.

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "போர்டு போச்சு லா. ஆனா எழுதுனதெல்லாம் இந்த ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கும், அதுக்கு உயிர் இருக்கு. சில பைல் மட்டும் கெட்டுப்போயிருக்கலாம்."

தம்மிடமிருந்த பழைய போர்டு ஒன்றை மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. எது கெட்டிருக்கிறது என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். நல்லதாகப் போயிற்று என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத்தான் அது அடிக்கடி மறந்துபோகும்.

பள்ளிக்கூடம் முழுசாக இருந்தது. ஆபீஸில் எந்த அதிகாரி எந்த வருஷம் முகத்தைத் திருப்பினார் என்பது வரைக்கும் இருந்தது. பட்டர்வொர்த்துக்குக் கடல் தாண்டி ஃபெர்ரியில் போய் வந்த அத்தியாயத்தில், மழையும் அலையும் பக்கம் பக்கமாக வந்தன. அதே காலத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றாக அம்மை போட்டு நான் ஒண்டியாகக் கிடந்து அல்லாடினேன். அது ஃபெர்ரியிலிருந்து தெரிந்திருக்காது. கோயில் கமிட்டிதான் எல்லாவற்றிலும் நீளம்.

"அக்கா, இதுல என்னயப் பத்தியே நாலஞ்சு பக்கம் இருக்கு" என்றார் ரிப்பேர்க்காரர்.

"என்னா எழுதியிருக்காரு?"

"துரோகின்னு. பரவால்ல லா, இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு."

கடைசியாக 'என் மனைவி'யைத் திறந்தார். தடித்த எழுத்தில் தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை. அவர் பித்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார், வேறு வழியாகத் திறந்தும் பார்த்தார். வெள்ளைதான்.

"இது ஒண்ணு கெட்டுப்போச்சு போலக்கா" என்றார். எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். எனக்கு வைத்து ஆறிப்போயிருந்த தேத்தண்ணியைக் கொட்டிவிட்டு வேறு கலந்து தரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை பக்கம் நன்றாக இருக்க, என் பக்கத்தைப் பார்த்துத்தானா தண்ணீர் போக வேண்டும்? என்னென்ன எழுதியிருப்பார் என்று நானே கோத்துப் பார்த்தேன். அவர் அப்பா படுக்கையில் கிடந்தபோது நான் அள்ளிப் போட்டதை எழுதியிருப்பார். பிள்ளைகளின் அம்மையைக்கூட அங்கே வைத்திருப்பார், அதனால்தான் ஃபெர்ரியில் வரவில்லை. மழையையே விடாமல் எழுதுகிறவர் என்னை விட்டிருப்பாரா? வீடு நெருங்க நெருங்க அவருக்காக மனசு இளகிப்போயிற்று. பார்த்ததும் மனுஷர் உடைந்துபோவார். 'போனா போகட்டுங்க, மனசுல இருக்குல்ல, மறுபடி எழுதுங்க' என்று எப்படிச் சொல்வது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். மஞ்சள் தண்ணீரைச் சொல்லிக் குத்தக் கூடாது என்றும் தீர்மானித்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வயர்களை மாட்டி, ஒவ்வொன்றாகத் திறந்தார். முகத்தில் ரத்தம் ஊறியது. நான் பின்னால் நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியாக என்னையும் திறந்தார். தலைப்பைப் பார்த்தார், மூடினார்.

"எல்லாம் இருக்கு" என்றார். "ஒண்ணும் போகல."

"அந்தக் கடைசி பைலு..." என்று இழுத்தேன்.

"அதுவா? அது அப்படித்தான் இருந்துச்சு. தலைப்பு போட்டு ரொம்ப நாளாச்சு, என்னா எழுதுறதுன்னுதான் தெரியல."

டாக்சியில் அழுததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பி, ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்கு எதாச்சும் ஞாபகம் இருந்தா சொல்லேன், போட்டுருவோம்."